சொல்லிவிட்டுத்தான் மறுவேலை

ஜனவரி 3, 2006. செவ்வாய்

கடும் பனி. எட்டு மணி வரை எதிரே வருகிற பஸ் தெரியவில்லை. பைக் ஷோரூம் கண்ணாடியெல்லாம் ஈரம். துடைக்கிற பெண் வரவில்லை. மேனேஜர் என்னைத் துடைக்கச் சொன்னார். பில் போடுகிறவள் கையில் துணி. துடைத்தேன்.

இன்சூரன்ஸ்காரர் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். உஷாவுக்குப் பெரிசு, எனக்குச் சின்னது. இதில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதிப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஒன்றும் நடக்காது போல.

உஷா பக்கத்து நாற்காலி. இன்னமும் தன் டம்ளரை டிராயருக்குள் வைத்துப் பூட்டுகிறாள். ஐப்பசியிலிருந்து இப்படி. அப்போது வேப்பந்தட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் உட்கார்ந்து அவனிடம் எல்லாம் சொன்னேன். "பரவால்லைங்க, இதுல என்ன இருக்கு" என்றான். எனக்கும் சேர்த்து பப்ஸ் வாங்கினான். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் அக்கா என் அம்மாவுக்குப் போன் பண்ணி முடித்திருந்தாள். உஷாவின் சித்தி வீடும் வேப்பந்தட்டை. அவ்வளவுதான்.

டம்ளரில் ஒட்டாது என்று உஷாவிடம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். பூட்டட்டும். சாவி தொலையட்டும்.

அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். எறையூர் வரன். பெயர் ராஜேந்திரன், முப்பத்தெட்டு வயது, சர்க்கரை ஆலையில் எடைமேடை கிளார்க். மனைவி மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. போன மாதம் எங்கள் கடையிலேயே வண்டி எடுத்தவர். கையெழுத்து வாங்கும்போது என்னைப் பார்த்தாராம், விசாரித்தாராம். தை பிறந்ததும் பேசி முடித்துவிட வேண்டுமாம்.

"இந்தத் தடவையாச்சும் வாயத் தொறக்காம இருடி. யாராச்சும் கேட்டா அக்கின்னு சொல்லிக்கலாம். அக்கி யாருக்குத்தான் வரல."

அக்கி என்றால் காவியைக் குழைத்து எழுதினால் போய்விடும். இதை யார் எழுதுவது? எங்கே எழுதுவது?

ஜன. 4, புதன்

குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்குச் சண்டை. அடுத்த வீட்டுக்காரி குடத்தைத் தள்ளிவிட்டாள், நானும் தள்ளினேன்.

புது டைரி. ஒரு தடவை வரிசையாக எழுதிவிடுகிறேன். மனசில் போட்டு உருட்டுவதற்கு இது மேல்.

குமரவேலைக் கட்டியது 98 தையில். அரியலூர். இரண்டு சுண்ணாம்புக்கல் லாரி, ஒரு அம்மா. முதல் கரு கலைந்தது. இரண்டாவதும் கலைந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் டார்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். கரு தங்காதவர்களுக்கு எடுப்பது. டார்ச் லைட் அடித்துப் பார்ப்பார்களாக்கும் என்று அம்மா நினைத்தாள். ரத்தம்தான். நாலைந்து நோய்க்குச் சேர்த்துப் பார்த்தார்கள். மற்றது எதுவும் இல்லை, ஹெர்பிஸ் இருக்கிறது. டாக்டர் நிமிராமலே, "இது ஒழுக்கக்கேட்டுல வர்றதும்மா" என்றார். மாமியார் வெளியே பெஞ்சில். கதவு திறந்திருந்தது.

எனக்கு ஒரு புண் வந்ததில்லை. கொப்புளம், எரிச்சல், அரிப்பு ஒன்றுமில்லை. இன்றுவரை.

திருச்சியில் ஒரு தோல் டாக்டரம்மா. எந்த வகை என்று தனியாகக் காட்டுகிற டெஸ்ட். ரத்தம் சென்னைக்குப் போய் வந்தது. இரண்டாம் வகை, படுக்கையில் வருவது. அந்தம்மா ஒருத்திதான் ஆளைப் பார்த்துப் பேசியது. முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதே தெரியாதாம். உயிருக்கு ஒன்றுமில்லை, உடம்பை விட்டுப் போகவும் போகாது. கரு கலைந்தது இதனால்தான் என்று சொல்ல முடியாது. யார் யாருக்குக் கொடுத்தது, எப்போது என்று ரத்தம் சொல்லாது. புண் இல்லாத நாளிலும் கூடப் படுக்கிறவருக்குப் போகலாம். உறை போட்டால் குறையும், அடியோடு நிற்காது. அதனால் சொல்லிவிடுவதுதான் சரி.

குமரவேலும் உட்கார்ந்து எல்லாம் கேட்டான். அவனும் ரத்தம் கொடுக்கட்டும் என்றார் டாக்டரம்மா. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். தேடிக்கொண்டு போனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பிறகு பஞ்சாயத்து, பிறகு கோர்ட். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒருத்தனும் இல்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டாம் என்றே இப்போது சொல்வதில்லை.

அவன் மறு வருஷமே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான். ரத்தம் கொடுக்காமல்தான்.

ஜன. 6, வெள்ளி

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். ஸ்கூட்டி பார்க்க வந்தவள் என்று உஷா எழுந்தாள். அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"தமிழரசிங்கிறது நீங்களா? நான் அரியலூருங்க. அவரு வூட்டுல... குமரவேலு வூட்டுல."

எழுந்தேன். உஷா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வெளியே அழைத்துப்போய், வண்டி கழுவுகிற இடத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். பைப் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

பெயர் அனிதா. ஒன்று கலைந்துவிட்டது, இது இரண்டாவது, மூன்றாம் மாதம். அதே டார்ச் டெஸ்ட். அதே ஹெர்பிஸ். அவளுக்கும் உடம்பில் ஒன்றுமில்லை. மாமியார் சொன்னாளாம், மொத மருமவ வச்சிட்டுப் போன சீக்கு, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று.

நான் பெரம்பலூரில் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வாரம் எறையூரிலிருந்து இரண்டு பேர் என்னைப் பற்றி விசாரிக்க அரியலூர் வந்தார்களாம். மாமியார் நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். இவள் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். வந்தவர்கள் வாயிலிருந்துதான் ஷோரூம் பெயரும்.

ஆக ராஜேந்திரனுக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பெண் ஒன்று கேட்டாள். கேட்க வெட்கப்பட்டு, துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே.

"நீங்க வுட்டுட்டு வந்த பட்டுப்பொடவைய எனக்குத்தான் குடுத்தாங்கக்கா. மொதத் தடவ உண்டானப்ப அத்த அதக் கட்டச் சொல்லிச்சு, அந்தத் தடவ தங்கல. அந்தப் பொடவையிலேருந்து வந்திருக்குமா?"

சிரித்துவிட்டேன். நல்ல சிரிப்பு இல்லை. என் புடவை. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். திருப்பிக் கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்றார்கள்.

என்னை அக்கா என்று கூப்பிடாதே என்றேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்றிருந்தது. புடவையில் வராது, பாயில் வராது, டம்ளரில் வராது, படுக்கிறவனிடமிருந்து வரும் என்றேன். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் சொன்னேன், திட்டுகிற குரலில். பிரசவத்தின்போது டாக்டரிடம் இதை மறைக்காதே, புண் வந்தால் உடனே சொல், அது பிள்ளைக்கு முக்கியம் என்றேன். அது மட்டும் கொஞ்சம் மெதுவாக.

"அவருக்குத் தெரியுமா?"

"எம் பக்கத்து நாக்காலில ஒக்காந்து கேட்டவன். போயி ஒம் புருஷங்கிட்ட கேளு."

அழுதாள். நான் தேற்றவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள்.

ஜன. 7, சனி

தூக்கமில்லை. அவள்மேல் ஏன் இவ்வளவு ஆத்திரம்? அவள் என்ன செய்தாள்? என் புடவையைக் கட்டினாள். என் இடத்தில் படுத்தாள். எனக்கு வந்தது அவளுக்கும் வந்தது. இதில் எதையும் அவள் கேட்டு வாங்கவில்லை. தெரிகிறது. தெரிந்தும் ஆத்திரம்.

இன்னொன்று. உள்ளே எங்கோ ஒரு ஓரத்தில் நிம்மதி. இப்போது அவனிடமிருந்துதான் என்று நிரூபணம் ஆனதுபோல. ஆகவில்லை என்றும் தெரியும். என்னிடமிருந்து அவனுக்குப் போய் அவளுக்கு வந்தது என்பார்கள். எதையும் எப்படியும் திருப்பிவிடுவார்கள்.

அரைக் கிலோ துவரம் பருப்பு. அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம். குக்கர் காஸ்கெட்.

ஜன. 11, புதன்

ராஜேந்திரன் வந்தார். முதல் ஃப்ரீ சர்வீஸ். வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், போய்ப் பேசு என்று. ஊருக்கே தெரிந்த பெண்பார்ப்பு.

கரும்பு சீசன் என்றார். ராத்திரி பகலாக டிராக்டர் வரிசை நிற்கிறதாம். எடை குறைகிறது என்று விவசாயிகள் தன்னைத்தான் திட்டுகிறார்களாம், கரும்பு காய்ந்தால் எடை குறையாதா என்றார். அரைமணி நேரம் கரும்பு. அரியலூர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எதற்கோ காத்திருப்பதுபோல. புரிந்தது.

ஒங்க ஆளுங்க அரியலூர் போனது எனக்குத் தெரியும் என்றேன். எனக்கு ஹெர்பிஸ் இருக்கு, இரண்டாம் வகை, அவங்க சொன்னதில் அது மட்டும் நிஜம் என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் இதுவல்ல.

முகம் மலர்ந்தது மனிதருக்கு.

"தெரியும்ங்க. மச்சான் அரியலூர் போயிட்டு வந்தன்னைக்கே சொல்லிட்டாரு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க. அது போதும் எனக்கு."

போதுமாம். வேப்பந்தட்டைக்காரன் நேராக ஓடினான், அவன் தேவலை. இவர் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கரும்பு பேசியிருக்கிறார்.

"பரிச்ச வச்சீங்களா? நான் பாசா?"

அப்படியில்லைங்க, ரெண்டாந்தாரம், பார்த்துத்தானே செய்யணும் என்று இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டார். தப்பா எடுத்துக்காதீங்க என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

ஒருத்தன், தாலி கட்டினவன் என்றேன். வந்தது அந்தச் சின்னச் சிரிப்பு. அவர் மறைக்கப் பார்த்தார், மறைக்கத் தெரியவில்லை.

"நீங்க ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?"

"நானா? எனக்கு எதுக்குங்க? எனக்கு ஒண்ணுமில்லையே."

"எனக்கும்தான் ஒண்ணுமில்ல. பாத்துட்டு வாங்க. அப்புறம் மார்க் போடலாம்."

வண்டி தயாராகும் முன்னாலேயே எழுந்தான். செயினுக்கு எண்ணெய்கூடப் போடாமல் எடுத்துக்கொண்டு போனான். அவர் இவர் என்று எழுத இப்போது கை வரவில்லை.

ஜன. 14, சனி. பொங்கல்

அம்மா என்னோடு பேசவில்லை. பொங்கலிடம் பேசினாள், அடுப்போடு பேசினாள், தம்பி போன் செய்தபோது அவனோடு பேசினாள். "அவ வாயால கெட்டா" என்று என் காதில் விழும்படி.

பால் பொங்கியபோது மட்டும் என் பக்கம் திரும்பி, கொலவை போடுடி என்றாள். போட்டேன்.

சாயங்காலம் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபது வயசில் இதையெல்லாம் புரிஞ்சுக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு என்றாள். கரும்பைக் கடிக்க முடியாமல் துண்டாக நறுக்கிச் சப்பிக்கொண்டிருந்தாள். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஜன. 20, வெள்ளி

கடைக்கு போன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அனிதா. அவனிடம் கேட்டாளாம். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னானாம், நீதான் உன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறாய் என்று. இப்போது மாமியாரும் பேச்சை மாற்றிவிட்டாள். முதல் மருமகள் சீக்கு போய், இரண்டாம் மருமகள் சீக்கு. கருவைக் கலைத்துவிட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பு என்கிறாளாம்.

"ஒரு தடவ வந்து சொல்லுங்கக்கா. டாக்டர் சொன்னப்ப அவரும் இருந்தாருன்னு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

நான் சொன்னால் நம்புவார்களா? என்னை நம்பியிருந்தால் அவள் அங்கே இருந்திருக்கவே மாட்டாள். இதை அவளிடம் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று போனை வைத்தேன்.

போகக்கூடாது. போகக்கூடாது. போகக்கூடாது.

ஜன. 22, ஞாயிறு

போனேன். இந்தப் பாதிப் பக்கம் போதாது, திங்கட்கிழமைப் பக்கத்திலும் எழுதுவேன்.

அம்மாவிடம் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். அரியலூர் பஸ்தான் என்பதால் பொய் எளிதாக வந்தது. இறங்கியதும் வாயில் அதே சுண்ணாம்புத் தூசி. வீட்டுக்குப் புது கேட், புது பெயின்ட். நான் வைத்த முருங்கை மரம் இல்லை.

குமரவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தொப்பை போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. மாமியார் உள்ளேயிருந்து வந்து, யாருடி ஒன்ன உள்ள வுட்டது என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினேன். நாலு வருஷமாக மனசுக்குள் இந்தக் கூடத்தில் நின்று பேசியிருக்கிறேன். அங்கே அருவி மாதிரி கொட்டும். நிஜத்தில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"திருச்சில டாக்டரம்மா ரத்தம் குடுக்கச் சொன்னப்ப நீங்க எங்க போனீங்க? இந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க."

"எனக்கு என்ன வந்துச்சு? எங்கயாச்சும் ஒரு புண்ணு இருக்கா எனக்கு?"

"எனக்கும் இல்ல. அவளுக்கும் இல்ல. புண்ணு இல்லாமயே இருக்கும்னுதான் அந்தம்மா சொன்னுச்சு. ஒங்களுக்கும் சேத்துதான் சொன்னுச்சு. இவளக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொன்னீங்களா?"

மாமியார் கத்த ஆரம்பித்தாள். ஊர் மேய்ந்தவள், கரு தின்னவள், நாலு வருஷம் கழித்தும் குடும்பத்தைக் கெடுக்க வந்தவள். எல்லாம் பழைய வசை, வரிசைகூட மாறவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இந்த முறை நான் தலையைக் குனியவில்லை, ஜன்னலைப் பார்த்தேன். அது சாத்திக்கொண்டது.

குமரவேல் மட்டும் கத்தவில்லை. எழுந்து போய்க் கை கழுவினான். துண்டில் விரல் விரலாகத் துடைத்தான். அனிதாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"நீ இங்க இருக்கணுமா, போவணுமா? இப்பச் சொல்லு."

கருவைப் பற்றிப் பேச்சில்லை. ரத்தத்தைப் பற்றிப் பேச்சில்லை. இருக்கணுமா, போகணுமா. அந்தப் பெண் தரையையே பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"நீங்க போங்க. நான் ஒண்ணும் ஒங்கள வரச் சொல்லல."

அக்காகூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். ஒருவன் உரசினான், காலை மிதித்தேன், நன்றாக. பெரம்பலூர் வரும்வரை நொண்டிக்கொண்டு நின்றான். இன்று நடந்ததில் எனக்குத் திருப்தி தந்தது அது ஒன்றுதான்.

ஜன. 24, செவ்வாய்

அவளைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தது இரண்டு நாளாக. இன்று பில் போட்டுக்கொண்டே யோசித்தேன். அவளுக்குப் போக்கிடம் இல்லை. அப்பா அம்மா இல்லை என்று அன்றே சொன்னாள், அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். எனக்கு அம்மா இருந்தாள், என்ன திட்டினாலும் சோறு போடுகிற அம்மா. நான் வெளியே வந்ததற்கு என் தைரியம் காரணம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

ஆனாலும் அந்த "வரச் சொல்லல" ஆறவில்லை. ஆறாது.

இரண்டு பில்லில் தப்பு. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார், "ஞாபகம் எங்கம்மா இருக்கு?"

பிப். 1, புதன்

எறையூரிலிருந்து பேச்சில்லை. தரகர் அம்மாவிடம், அவங்க வேற எடம் பாக்குறாங்க போல என்றாராம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்சம் தோன்றியது. வண்டி வாங்கிய அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடியோடு திருப்பிக் கொடுத்தவர். யாரும் மூடுவதில்லை. இதையெல்லாம் ஒரு காரணமாக நினைத்திருக்கிறேன், முப்பத்திரண்டு வயதில்.

அனிதா வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவர் இன்று வண்டி சர்வீஸுக்கு வந்தார். நான் கேட்காமலே சொன்னார். அந்தப் பெண் அங்கேதான் இருக்கிறாளாம், மாதச் செக்கப்புக்கு அவனே அழைத்துப் போகிறானாம். கரு இருக்கிறது.

ரத்தம் கொடுத்தானா என்று மளிகைக்காரரிடம் எப்படிக் கேட்பது?

பிப். 8, புதன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஃபேன் எனக்கு வராது, உஷாவுக்கு வரும்.

நாலு மணிக்கு ராஜேந்திரன். வண்டியில் வரவில்லை, பஸ்ஸில் வந்திருக்கிறார். முகம் சவரம் செய்யாமல், பத்து வயது கூடினதுபோல. நேராக என்னிடம் வந்து, கொஞ்சம் வெளியே வர்றீங்களா என்றார். அதே வண்டி கழுவுகிற இடம். நான் என்ன, இங்கே ஆபீஸ் போட்டிருக்கிறேனா?

"குடுத்துப் பாத்தேங்க. திருச்சில. எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதி வாங்கி, இங்க கொண்டாந்து ஒங்க மேசயில போடணும்னுதான் குடுத்தேன்."

நிறுத்தினார். மெக்கானிக் பையன் ஒருவன் வந்து சோப்பு வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

"எனக்கும் இருக்குதுங்க. ஒங்களது மாதிரியேதான். ரெண்டாவது."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஒரு நிமிஷம் நன்றாகவே வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் திருச்சி ஆஸ்பத்திரி பாத்ரூம் கண்ணாடியில் பார்த்த என் முகம்.

இது யார் கொடுத்தது என்று கேட்டார். பெண்டாட்டி தங்கமானவள், அவளைச் சந்தேகப்பட மனசு வரவில்லை என்றார். தான் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, நண்பர்களோடு சேர்ந்து ஒருத்தியிடம் போனது, ஒரே ஒருமுறை என்றார். அப்படியானால் தான்தான் அவளுக்குக் கொடுத்தோமா, அவள் தெரியாமலே செத்தாளா என்றார். அவள் செத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அது தெரியாது, இதைப் போய் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். மூளைக்காய்ச்சலில் எத்தனையோ வகை, நீங்களாக ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்றேன். யார் யாருக்குக் கொடுத்தது என்று ரத்தம் சொல்லாது என்றேன். என்னிடம் எத்தனை பேர் என்று கேட்டீர்களே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இனிமே பிரச்சன இல்லைங்கள்ல? ஒங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. பொருத்தமாப் போச்சு. தையிலேயே முடிச்சிக்கலாம். எங்கம்மாவுக்கு மட்டும் எனக்கு இருக்கிறது தெரிய வேணாம்."

ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்ததாம், இது பத்தாவது போல. அதுகூடப் பரவாயில்லை. கடைசி வரி.

"அப்ப ஒங்கம்மாவுக்கு எனக்கு இருக்கிறது தெரியுமா?"

"மச்சான் சொல்லிட்டாருங்க. நான் சொல்லிச் சரிக்கட்டியிருக்கேன். பாவம் அந்தப் பொண்ணுன்னு."

ஆக ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் இருக்கும். ஒருத்திக்கு மட்டும் இருப்பதாக வீடு நினைக்கும். அவருக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் நான் கொடுத்தது. குழந்தைக்கு ஜுரம் வந்தாலும் நான் கொடுத்தது. அரியலூர் கூடம் அப்படியே எறையூருக்கு வரும், பெயின்ட் மட்டும் வேறு.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"மொதல்ல ஒங்கம்மாகிட்ட சொல்லுங்க. ஒங்களுக்கு இருக்குன்னு, நான் ஒங்களத் தொடுறதுக்கு முன்னாடியே இருக்குன்னு. சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் கட்டிக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

"அம்மா தாங்காதுங்க."

"எங்கம்மா தாங்கிச்சு."

முகத்தை மறுபடி துடைத்தார். பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். அவர் சட்டை முதுகெல்லாம் ஈரம், பைப் தண்ணீர் தெறித்ததா வேர்வையா தெரியவில்லை.

பிப். 10, வெள்ளி

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவருக்கும் இருக்கா என்று வாயைப் பிளந்தாள். அடுத்த நிமிஷமே, அப்ப கட்டிக்கோயேன், அவரு இனி ஒண்ணும் சொல்ல முடியாதே என்றாள். இதைத்தான் அவரும் சொன்னார். உலகம் முழுக்க ஒரே கணக்குத்தான் போடுகிறது.

ஒருவேளை நான்தான் அதிகப்படியா? நாள் முழுக்க இதே யோசனை. அவர் சொல்ல மாட்டார். எந்த ஆம்பிள்ளை பெற்றவளிடம் போய் இதைச் சொல்வான்? நானாக ஒரு கதவைச் சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதே என்று நிற்கிறேன்.

சாத்தியே இருக்கட்டும்.

பிப். 13, திங்கள்

மாசி பிறந்தது. தை போய்விட்டது என்று அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து, கிழித்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணி, கடையில் கூட்டம். உஷா போனை எடுத்தாள். காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"ஒனக்குத்தான். யாரோ வயசானவங்க. கண்டபடி திட்டுறாங்க."

வாங்கினேன். பழக்கமில்லாத குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, அழுகையும் கோபமுமாக.

"நீதானாடி அவ? எம்மவன் பச்சத்தண்ணி பல்லுல படாம ரெண்டு நாளா கெடக்கறான்டி. பெத்தவகிட்ட வந்து, எனக்கு அந்தச் சீக்கு இருக்குது, ஒரு பொம்பளையும் குடுக்கல, நான்தான் தேடிக்கிட்டேன்னு சொல்றான். ஒரு தாய்கிட்ட சொல்ற பேச்சா இது? நீதான் சொல்லச் சொன்னியாமே. நீ நல்லா இருப்பியா? ஒங்குடும்பம் வெளங்குமா?"

சொல்லிவிட்டார்.

கிழவி நிறுத்தவில்லை. என் சாதியை இழுத்தாள், என் அம்மாவை இழுத்தாள், நான் கட்டையில் போக வேண்டும் என்றாள். எதிரே ஒரு ஆள் பில்லுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் பார்த்தார். உஷா பார்த்தாள். நான் போனை வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தம்மா சொன்னது முழுவதையும் கேட்டேன்.